தானியங்கிப் பொதியாக்கமும் கூட்டுழைப்பும் – டெபியன் அனுபவம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

ஒரு நூலின் வரலாற்றை ஆராய முற்படுபவன் அதனை இயற்றியவனோடு நின்றுவிடுதல் இயலாது. அந்நூல் எந்த அச்சகத்தில், யாருடைய முதலீட்டில், எத்தகைய தொழிலாளரின் கைகளால் எழுத்துக் கோக்கப்பட்டு வாசகனை வந்தடைந்தது என்பனவும் இலக்கிய வரலாற்றின் வினாக்களே. ஆக்கத்தைத் தனிமனித மேதைமையின் வெளிப்பாடாக மாத்திரம் காணும் கருத்துமுதல்வாத மரபு இவ்வினாக்களைப் புறம்பானவை எனத் தள்ளிவிடும். வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்கிலோ இவையே அடிப்படை வினாக்களாகின்றன.

கணினி மென்பொருளும் மனிதர் எழுதும் ஒருவகைப் பனுவலே. மனிதர் எழுதுவதும் வாசிப்பதும் மூல நிரல். ஆனால் கணினியின் செயலி இயக்குவது அதனையன்று. 'தொகுப்பி' எனப்படும் பிறிதொரு மென்பொருள் மூல நிரலைச் செயலி விளங்கிக்கொள்ளத்தக்க இருமக் கட்டளைகளாக மாற்றுகின்றது. அவ்வாறு பெறப்படும் கோப்புகள், நிறுவுதற்கு வேண்டிய குறிப்புகளோடு ஒன்றுசேர்த்துக் கட்டப்படும்போது 'பொதி' உருவாகின்றது. லினக்ஸ் வழங்கல் என்பது இத்தகைய பல்லாயிரம் பொதிகளின் ஒழுங்கமைந்த தொகுதியாகும். பயனாளருள் மிகப் பெரும்பாலோர் மூல நிரலை ஒருபோதும் தொடுவதில்லை. அவர்கள் கையில் கிடைப்பது பொதியே.

கட்டற்ற மென்பொருள் பற்றி முற்போக்காளர் மத்தியில் நிகழும் உரையாடல் பெரும்பாலும் மூல நிரலின் பொதுமையைச் சுற்றியே அமைகின்றது. மூலம் அனைவர்க்கும் திறந்திருப்பதனால் அத்துறையில் உற்பத்திச் சாதனங்கள் ஏற்கெனவே சமூகவுடைமையாகிவிட்டன என்று கருதுவோரும் உளர். இம்முடிபு அவசரமானது. மூலத்துக்கும் பொதிக்கும் இடையில் ஓர் உற்பத்திச் செயன்முறை உள்ளது. அது யாருடைய பொறியில், எந்த விதிகளின்கீழ், யாருடைய உழைப்பினால் நடைபெறுகின்றது என்பதைக் கேளாதவரை 'பொதுமை' என்ற சொல் அரைகுறை உண்மையாகவே இருக்கும். இச்செயன்முறையைத் தானாக நிகழ்த்தும் பொதியாக்கச் சேவையகங்கள் தோன்றிய வரலாற்றை, டெபியன் வழங்கலைப் பிரதான உதாரணமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

2. கைவினைக் கட்டம்

1983இல் றிச்சட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் லினஸ் ரோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் சேர்ந்தபோது முழுமையான கட்டற்ற இயங்குதளம் ஒன்றுக்கான அடிப்படை கிடைத்தது. ஆயினும் அது சிதறிக்கிடந்த பகுதிகளின் திரட்டாகவே இருந்தது. அப்பகுதிகளை ஒன்றாக்கி, நம்பிப் பயன்படுத்தத்தக்க ஒரு முழுமையாக வழங்கும் நோக்குடன், பேர்டியூ பல்கலைக்கழக மாணவரான இயன் மேர்டொக் 1993 ஓகஸ்ட் 16இல் டெபியன் திட்டத்தை அறிவித்தார். வணிக நிறுவனமொன்றின் கீழன்றித் தொண்டர்களின் திறந்த கூட்டுழைப்பினால் அது உருவாக வேண்டும் என்பது அவர் கருத்து. 1997 யூலையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட 'சமூக ஒப்பந்தம்' அக்கருத்துக்கு ஒரு யாப்பு வடிவத்தை அளித்தது.

இத்திட்டத்தின் தொழிற்பிரிவினை எளிமையானது. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர். அவர் மூலத்தைப் பெற்று, டெபியனின் விதிகளுக்கேற்பத் திருத்தி, தம் சொந்தக் கணினியில் தொகுத்து, பொதியாகக் கட்டி, தமது இலத்திரனியல் ஒப்பத்துடன் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புவார். கைவினைஞன் ஒருவன் தன் வீட்டுப் பட்டறையில், தன் கருவிகளைக் கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பொருளைத் தானே செய்து சந்தைக்குக் கொண்டுவருவதை இது ஒத்தது. 1996இல் வெளியான 1.1ஆம் பதிப்பில் 474 பொதிகளே இருந்தன. அந்த அளவுக்கு இம்முறை போதுமானதாயிருந்தது.

கைவினை உற்பத்தியின் குறைபாடும் இதில் உடனிருந்தது. பராமரிப்பாளரின் கணினியில் எவ்வெக் கருவிகள் இருந்தன, எந்நூலகக் கோப்புகளின் எப்பதிப்புகள் இருந்தன என்பது எங்கும் எழுதப்படவில்லை. பொதி அவருடைய மேசையிற் சரியாக உருவாகியது. வேறொருவர் அதே மூலத்தை எடுத்துக் கட்ட முற்படின் அது தவறக்கூடும். பொருளை ஆக்கும் அறிவு பொருளோடு வரவில்லை; ஆக்கியவரின் தலையிலும் அவருடைய கணினியிலும் தங்கிவிட்டது. மூலம் பொதுவாக இருந்தபோதிலும், அதனைப் பொதியாக்கும் ஆற்றல் தனியுடைமையாகவே இருந்தது எனலாம். இம்முரண்பாடு வெளிப்படையாகத் தெரியவருவதற்கு வேறொரு நிர்ப்பந்தம் வேண்டியிருந்தது.

3. பொறியின் வருகை

அந்நிர்ப்பந்தம் இன்ரெல் அல்லாத செயலிகளிலிருந்து வந்தது. டெபியன் தொடக்கத்தில் இன்ரெல் வகைச் செயலிகளுக்கே உருவாகியது. அமிகா, அற்றாரி, பழைய மக்கின்ரொஷ் முதலிய கணினிகளில் இருந்த மோட்டறோலா 68000 வரிசைச் செயலிகளுக்கு அதனைக் கொண்டுசெல்லச் சில தொண்டர் முன்வந்தனர். ஒரு செயலிக்கென ஆக்கிய இருமப் பொதி மற்றையதிற் பயனற்றது. எனவே மூலப் பொதிகள் யாவும் மீண்டும் தொகுக்கப்பட வேண்டியிருந்தன.

முதலில் இது முற்றிலும் கையாலேயே நடந்தது. புதிய பதிப்புகளின் அறிவித்தல்களைத் தொண்டர் கவனித்திருப்பர். தமக்கு இயன்றவற்றை எடுத்துக்கொள்வர். ஒரே பொதியை இருவர் கட்டி உழைப்பை வீணாக்காதிருக்கும்பொருட்டுத் தாம் எடுத்ததை மின்னஞ்சல்வழி ஏனையோர்க்கு அறிவிப்பர். இன்ரெல் பக்கத்திலோ பொதிகளின் தொகை தொடர்ந்து பெருகிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கானோர். மறுபக்கத்தில் வேகங்குறைந்த கணினிகளுடன் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். உற்பத்தியின் அளவு உற்பத்தி முறையை மீறி வளர்ந்துவிட்டது.

இந்நிலையிலேயே, 1990களின் பிற்பகுதியில், 68000 வரிசைக் குழுவைச் சேர்ந்த றோமன் ஹொடெக் மூன்று பகுதிகள் கொண்ட ஒரு தானியங்கி அமைப்பை ஆக்கினார். 'வனா-பில்ட்', 'பில்ட்-டி', 'எஸ்-பில்ட்' என்பன அவற்றின் பெயர்கள். தன் முதற் சோதனைக்களத்தை அது வளமிக்க நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்திற் காணவில்லை. வழக்கிழந்து கொண்டிருந்த செயலியொன்றைக் கைவிட மறுத்த ஒரு சிறு குழுவின் இடர்ப்பாட்டிலேயே கண்டது. இது மனங்கொள்ளத்தக்கது.

1998 யூலையில் வெளியான டெபியன் 2.0 இன்ரெல், மோட்டறோலா ஆகிய இரு செயலி வகைகளுக்கும் வந்தது. 1999இல் அல்பா, ஸ்பார்க் ஆகியனவும், 2000இல் பவர்-பிசி, ஆம் ஆகியனவும் சேர்ந்தன. 2002 யூலையில் வெளியான 3.0ஆம் பதிப்பு பதினொரு செயலி வகைகளுக்கு ஏறத்தாழ 8,500 பொதிகளைக் கொண்டிருந்தது. தொண்டர்களின் வீட்டுக் கணினிகளில் கையாற் கட்டி இத்தொகையை எட்டியிருத்தல் கனவிலும் இயலாது.

4. அமைப்பின் இயக்கம்

இத்தகைய சேவையகமொன்றை நிறுவுதல் யாது வேண்டிநிற்கும் என்பதைச் சுருக்கமாக விளக்குதல் தகும். ஏனெனில் சமூக உறவுகள் இங்கே தொழினுட்ப ஒழுங்கின் உள்ளேயே பொதிந்துள்ளன.

முதலாவது, ஒரு மையத் தரவுத்தளம். ஒவ்வொரு செயலி வகைக்கும் ஒவ்வொரு மூலப் பொதியும் எந்நிலையில் உள்ளது என்பதை அது குறித்துவைக்கும்: கட்டப்பட வேண்டியது, கட்டப்பட்டுக்கொண்டிருப்பது, பிறிதொரு பொதிக்காகக் காத்திருப்பது, தவறியது, களஞ்சியத்திற் சேர்ந்தது என்றவாறு. தொண்டர்கள் மின்னஞ்சலில் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்ட 'இதனை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்ற சொல்லே இங்கு தரவுத்தளத்தின் ஒரு பதிவாகியது.

இரண்டாவது, ஓய்வின்றி இயங்கும் ஏவலன். அது தரவுத்தளத்தை வினவி, அடுத்த பொதியைத் தனதாகக் குறித்துக்கொண்டு, வேலையைத் தொடக்கும்.

மூன்றாவது, கட்டும் கருவி. இதன் சிறப்பு 'தூய அறை'யிலேயே உள்ளது. சேவையகத்தின் ஏனைய கோப்புகள் எவையும் தெரியாதவாறு பிரிக்கப்பட்ட வெறுமையான சூழலில், இன்றியமையா அடிப்படைப் பொதிகளை மாத்திரம் வைத்து, குறித்த மூலம் தனக்கு வேண்டுமெனக் கூறுவனவற்றை மட்டும் நிறுவிப் பொதி கட்டப்படுகின்றது. வேலை முடிந்ததும் அவை அகற்றப்படுகின்றன. ஒரு பொதியின் எச்சம் மற்றொன்றை மாசுபடுத்துதல் கூடாது.

நான்காவது, செயற்பதிவு. ஒவ்வொரு கட்டளையும் அதன் விளைவும் எழுதிவைக்கப்பட்டு எவரும் வாசிக்கத் திறந்திருக்கும். பொதி உருவாகத் தவறின் காரணத்தை அங்கேயே தேடலாம்.

ஐந்தாவது, மனிதன். முற்காலத்திற் பொறுப்பாளர் ஒருவர் பதிவுகளை வாசித்து, வெற்றிபெற்றவற்றுக்குத் தாமே இலத்திரனியல் ஒப்பமிட்டுத் திருப்பியனுப்புவார், தவறியவற்றை வகைப்படுத்துவார். பிற்காலத்தில் ஒப்பமிடலும் பொறியிடம் சென்றது. எனினும் தவறியவற்றை வாசித்து விளங்கிக்கொள்ளுதல் மனித உழைப்பாகவே நீடிக்கின்றது.

5. அறிவின் இடமாற்றம்

தூய அறை ஒரு சங்கடத்தை வெளிக்கொணர்ந்தது. ஒரு மூலத்தைக் கட்ட எவ்வெப் பொதிகள் வேண்டும் என்பதைப் பொறி எவ்வாறு அறியும்? பராமரிப்பாளருக்கு அது தெரியும். ஆனால் அவர் அதனை எழுதிவைக்கவில்லை. அவருடைய கணினியில் அவை ஏற்கெனவே இருந்தமையால் எழுதவேண்டிய தேவையும் அவருக்கு எழவில்லை. எனவே பொதியாக்கப் பொறிகளைக் கவனித்தோர் இச்சார்புகளைத் தாமே கண்டறிந்து, ஒரு மையக் கோப்பிற் கையாற் சேர்த்துவந்தனர். ஒவ்வொரு பதிவும் தோல்வியுற்ற ஒரு கட்டுமானத்தின் படிப்பினையாக இருந்தது. 1990களின் இறுதியில், ஒவ்வொரு மூலப் பொதியும் தன் கட்டுமானச் சார்புகளைத் தானே அறிவிப்பதற்கான ஒழுங்கு டெபியனின் விதிகளில் இடம்பெற்றது. அதன்பின், அறிவித்த சார்புகளைக் கொண்டு கட்ட இயலாத மூலம் பாரதூரமான வழுவுடையதாகக் கொள்ளப்படலாயிற்று.

இம்மாற்றத்தின் தாற்பரியத்தை விளங்கிக்கொள்ள மார்க்ஸியத்தின் தொழிற் பகுப்பாய்வு துணைசெய்யும். மூலதனத்தின் முதற் பாகத்தில் (1867) பொறிகளும் பெருங்கைத்தொழிலும் பற்றிய அதிகாரத்தில் மார்க்ஸ், கைவினைஞனின் திறன் பொறிக்குள் இடம்பெயர்வதையும், தொழிலாளி அப்பொறியின் துணையுறுப்பாக மாற்றப்படுவதையும் விளக்கினார். 1857–58ஆம் ஆண்டுகளின் குறிப்பேடுகளில், சமூகத்தின் பொது அறிவே நேரடியான உற்பத்திச் சக்தியாக மாறிவரும் போக்கையும் அவர் சுட்டினார். 1974இல் வெளியான உழைப்பும் ஏகபோக மூலதனமும் என்ற நூலில் ஹரி பிரேவர்மன் இச்சிந்தனையை இருபதாம் நூற்றாண்டுக்கு விரித்தார். தொழிலாளரின் அறிவை நிருவாகம் திரட்டித் தனதாக்கிக்கொள்வதும், சிந்திப்பதைச் செய்வதிலிருந்து பிரிப்பதுமே நவீன முகாமையின் சாரம் என்பது அவரது வாதம்.

டெபியனில் நிகழ்ந்ததும் அறிவின் இடமாற்றமே. பராமரிப்பாளரின் தலையில் இருந்த ஒன்று அவரை விட்டு நீங்கிப் பொறியின் உள்ளீடாகியது. ஆனால் அது சென்றடைந்த இடம் வேறு. தொழிற்சாலையில் அவ்வறிவு முகாமையாளனின் கைக்குச் சென்று தொழிலாளிக்கு எதிரான ஆயுதமாகின்றது. இங்கோ அது மூலப் பொதியின் ஒரு வரியாகி, மூலத்தோடு சேர்ந்து எல்லோரிடமும் சென்றது. முன்னர் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடியதாயிருந்ததை இப்போது எவரும் செய்யலாம். பராமரிப்பாளர் விலகினாலும் இறந்தாலும் பொதி அநாதையாகிப் பாழாக வேண்டியதில்லை.

எனவே தன்னியக்கம் இயல்பாகவே விடுதலை தருவது என்றோ, இயல்பாகவே அடிமைப்படுத்துவது என்றோ கூறுவதிற் பொருளில்லை. ஒரே தொழினுட்ப நிகழ்வு இருவேறு உற்பத்தி உறவுகளில் இருவேறு விளைவுகளைத் தந்துள்ளது. தொழினுட்பத்தை நடுநிலையானதெனக் கொள்வோர் உறவுகளை மறக்கின்றனர். அதனையே தீமையெனக் கொள்வோரும் அவற்றையே மறக்கின்றனர்.

6. பொறி யாருடையது?

மேற்கூறியதை மறுதலையாக உறுதிசெய்யும் உதாரணங்கள் அண்டை வழங்கல்களில் உள்ளன. றெட் ஹற் நிறுவனத்தின் ஆதரவில் 2003இல் தொடங்கிய பெடோரா இரு பகுதிகளாக இருந்தது. 'கோர்' எனப்பட்ட அடிப்படைப் பகுதியை நிறுவன ஊழியர் நிறுவனத்தின் உள்ளகப் பொறிகளிற் கட்டினர். 'எக்ஸ்ற்றாஸ்' எனப்பட்ட மேலதிகப் பகுதியைச் சமூகத்தினர் தமக்கான பொறிகளிற் கட்டினர். இரண்டின் மூலமும் கட்டற்றதே, உரிமத்தில் வேறுபாடில்லை. ஆயினும் வெளித்தொண்டர் கோரின் வாயிலைக் கடக்க இயலவில்லை. 2007 மே 31இல் வெளியான பெடோரா 7இலேயே இரு பகுதிகளும் ஒன்றாயின. அவ்விணைப்பைச் சாத்தியமாக்கியது புதிய உரிமம் அன்று. நிறுவனத்தின் உள்ளகப் பொதியாக்க அமைப்பிலிருந்து பிறந்த 'கோஜி' என்ற அமைப்பு திறந்துவிடப்பட்டமையே.

உபுண்டுவின் கதையும் இத்தகையதே. அதன் பொதிகளைக் கட்டும் 'லோஞ்ச்பாட்' தளத்தின் நிரல் பல ஆண்டுகள் கனோனிக்கல் நிறுவனத்தின் தனியுடைமையாக இருந்தது. விமர்சனங்களின் பின்னர் 2009 யூலையிலேயே அது கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. கட்டற்ற மென்பொருள்களை ஆக்கும் பட்டறையே கட்டற்றதாக இருக்கவில்லை என்பது இங்குள்ள முரண்நகை.

மூன்றாவது உதாரணம் மேலுந் தெளிவானது. றெட் ஹற் நிறுவனத்தின் வணிகப் பதிப்பின் மூலத்தை எடுத்து, அதற்கு ஒத்த இலவச வழங்கலைக் கட்டிவந்தோர் சென்ற்-ஓஎஸ் குழுவினர். வணிகப் பதிப்பின் 6ஆம் வெளியீடு 2010 நவம்பரில் வந்தது. சென்ற்-ஓஎஸ் 6 வெளிவந்ததோ 2011 யூலையில். மூலம் கையிலிருந்தும் எட்டு மாதங்கள் கழிந்தன. எப்பொதி எந்தச் சூழலில், எந்த ஒழுங்கில் கட்டப்பட்டது என்பது மூலத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. அதனை வெளியிலிருந்து ஊகித்தறிய வேண்டியிருந்தது. மூலம் பொது, உருவாக்கம் தனியுடைமை என்ற நிலையின் விலையே அந்த எட்டு மாதங்கள்.

டெபியனும் இவ்வினாவிலிருந்து முற்றாக விடுபட்டதன்று. அதன் சொத்துகளைச் சட்டரீதியாகப் பேணுவதற்கு 1997இல் இலாபநோக்கற்ற நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆயினும் பொறிகளிற் பல நன்கொடையாக வந்தவை. பல்கலைக்கழகங்களின் அல்லது நிறுவனங்களின் கட்டடங்களில் அவற்றின் மின்சாரத்தில் இயங்குபவை. அன்றியும், பொதியாக்கப் பொறிகளின் திறவுகோலை வைத்திருப்போர் மிகச் சிலரே. அதிகாரபூர்வமற்ற பொறிகளிற் கட்டியவற்றைக் களஞ்சியத்துக்கு அனுப்பும் உரிமை எவர்க்குண்டு என்பது 2000களின் நடுப்பகுதியிற் கசப்பான விவாதமாயிற்று. முதலாளி இல்லாத இடத்திலும் பொறியின் அருகில் நிற்பவனிடம் அதிகாரம் திரளும் என்பதை முற்போக்காளர் காணாதுவிடுதல் ஆகாது.

7. வேகத்தின் நியதி

பொறி தனக்கெனச் சில நியதிகளையும் கொண்டுவருகின்றது. பதினொரு செயலி வகைகளுள் ஒன்று பின்தங்கினாலும் முழு வெளியீடும் அதற்காகக் காத்திருக்க நேர்ந்தது. 2005 மார்ச்சில் வன்கூவரிற் கூடிய வெளியீட்டுப் பொறுப்பாளரும் களஞ்சியப் பொறுப்பாளரும் ஒரு முன்மொழிவை வெளியிட்டனர். புதிய பொதிகளின் வரவுக்கு ஈடுகொடுக்க இரண்டிற்கு மேற்பட்ட பொறிகளை வேண்டாத செயலி வகைகளே வெளியீட்டில் இடம்பெறலாம். அச்செயலி புதிதாகச் சந்தையிற் கிடைக்கக்கூடியதாயும் இருத்தல் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுட் சில. பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. நிபந்தனைகள் திருத்தப்பட்டன. எனினும் 2007 ஏப்பிரலில் வெளியான 4.0ஆம் பதிப்பில் மோட்டறோலா 68000 வரிசை இடம்பெறவில்லை.

தானியங்கிப் பொதியாக்கத்தை ஈன்ற குழுவே அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டாது வெளியேற்றப்பட்டது. இதனைத் துரோகம் எனல் எளிது, ஆனால் சரியன்று. பதினாயிரத்துக்கு மேற்பட்ட பொதிகளைப் பல ஆண்டுகள் பழைமையான செயலிகளில் ஓயாது கட்டுதல் இயலாதென்பது பௌதிக உண்மை. அதேவேளை, 'சந்தையிற் புதிதாகக் கிடைத்தல்' என்ற அளவுகோல் எத்தேவையைப் பிரதிபலிக்கின்றது என்றும் கேட்டாக வேண்டும். அது செயலி உற்பத்தியாளரின் காலச்சக்கரத்தைத் தொண்டர் திட்டத்துக்குள் கொண்டுவருகின்றது. வறிய நாடுகளின் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் கணினிகள் அச்சக்கரத்தின்படி மாற்றப்படுவதில்லை. 2025 ஓகஸ்ட்டில் வெளியான டெபியன் 13, பழைய 32-பிட் இன்ரெல் கணினிகளுக்கான நிறுவியையும் கருவையும் கைவிட்டமை இதன் அண்மைக்கால வெளிப்பாடாகும். மோட்டறோலாக் குழுவோ கலையவில்லை. அதிகாரபூர்வ வெளியீட்டுக்கு வெளியே, தனக்கான பொறிகளில், தன் பொதிகளைத் தொடர்ந்து கட்டிவருகின்றது. அவ்வாறு தொடர இயன்றமைக்குக் காரணம், பொதியாக்க அமைப்பின் நிரலும் பொதுவாக இருந்தமையே.

8. நம்பிக்கையும் மெய்ப்பிப்பும்

உற்பத்தி பொறிக்குச் சென்றபின் இன்னொரு வினா எழுகின்றது. பொறி தந்த பொதி, அம்மூலத்திலிருந்து பிறந்ததுதான் என்பதற்கு ஆதாரம் யாது? 1984இல் அச்சேறிய தமது ரியூறிங் விருதுப் பேருரையில் கென் தொம்சன் இவ்வினாவின் ஆழத்தைக் காட்டினார். தொகுப்பியினுள் ஒரு கள்ளக் கதவை மறைத்துவைக்கலாம்; அத்தொகுப்பியைக்கொண்டு புதிய தொகுப்பியைக் கட்டும்போது அக்கதவு தானே அதனுள்ளும் சென்றுவிடும்; மூல நிரலில் அதன் சுவடே இராது. மூலத்தை வரிவரியாக வாசித்தலும் இங்கு பயன்தராது.

பொதியாக்கச் சேவையகம் எதிரியின் இலக்காகும் என்பது வெறும் ஊகமன்று. 2008 ஓகஸ்ட்டில் பெடோராவின் சேவையகங்களுட் சில ஊடுருவப்பட்டன. பொதிகளுக்கு ஒப்பமிடும் பொறியும் அவற்றுள் ஒன்று. ஒப்பத் திறவுகள் யாவும் மாற்றப்பட நேர்ந்தது.

இதற்கு விடையாக டெபியனில் 2013இல் ஒரு கூட்டுமுயற்சி தொடங்கியது. ஒரே மூலத்தை, அறிவிக்கப்பட்ட அதே சூழலில், எவர் எங்கே கட்டினாலும் பிட்டுக்குப் பிட்டு ஒரே பொதியே கிடைக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். கட்டிய நேரம், கோப்புகள் அடுக்கப்பட்ட ஒழுங்கு, கோப்பகத்தின் பெயர், கணினியின் மொழி அமைப்பு முதலிய அற்பக் காரணங்களாற் பொதிகள் வேறுபட்டன. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களின் காரணத்தைத் தேடும் பதிப்பாசிரியனின் பொறுமையுடன் அவை ஒவ்வொன்றாகக் களையப்பட்டன. இம்முயற்சி பின்னர் வேறு பல வழங்கல்களுக்கும் பரவியது. இதன் அரசியற் பொருள் வெளிப்படை. பொறியின் அருகில் நிற்பவனை நம்பவேண்டிய தேவையை அது குறைக்கின்றது. அவன் தந்ததை எவரும் தம் பொறியில் மீளக் கட்டிச் சரிபார்க்கலாம்.

2019 யூலையில் இன்னொரு படி எடுக்கப்பட்டது. பராமரிப்பாளர் தம் கணினியிற் கட்டியனுப்பும் பொதிகள் இனி அடுத்த வெளியீட்டுக்குச் செல்லமாட்டா. பொதுப் பொறிகளிற் கட்டப்பட்டவையே செல்லும் என வெளியீட்டுக் குழு அறிவித்தது. வீட்டுப் பட்டறையின் காலம் அத்துடன் முடிவுற்றது.

ஆனால் பொறி மாத்திரம் நம்மைக் காக்காது என்பதை 2024 மார்ச் உணர்த்தியது. எங்கும் பயன்படும் 'எக்ஸ்-இஸட்' என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு இருந்தமை அம்மாதம் 29ஆம் திகதி வெளிப்பட்டது. அதனை இயக்கிவைக்கும் பகுதி எல்லோரும் பார்க்கும் நிரற் களஞ்சியத்தில் இருக்கவில்லை. வெளியீட்டுக்கென மூட்டையாகக் கட்டப்பட்ட கோப்பிலேயே இருந்தது. கட்டுமானம் நிகழ்கையில், தான் டெபியன் வகைப் பொதியாகவோ றெட் ஹற் வகைப் பொதியாகவோ கட்டப்படுகின்றதா என அது சோதித்துப் பார்த்தது. ஆமெனில் மட்டுமே செயற்பட்டது. அதாவது, அதன் இலக்கு பொதியாக்கச் சேவையகமே. ஒரே நஞ்சை எத்தனை பொறிகளிற் கட்டினாலும் அதே நஞ்சே பிட்டுக்குப் பிட்டு விளையும். சேவையகத் தொடர்பு அரைச் செக்கன் தாமதிப்பதைக் கவனித்த ஒரு பொறியியலாளரின் ஐயமே அதனை வெளிக்கொணர்ந்தது.

கள்ளக் கதவு நுழைந்த வழி நமக்கு மேலும் முக்கியமானது. அம்மென்பொருளைப் பல ஆண்டுகள் ஊதியமின்றித் தனியொருவரே பேணிவந்தார். வேகம் போதாதென அவர்மீது 2022இல் நெருக்குதல் ஏற்பட்டபோது, இது ஊதியமற்ற பொழுதுபோக்குப் பணி என அவர் நினைவூட்ட நேர்ந்தது. அவ்வேளையில் உதவ வந்தவராகத் தோன்றிய ஒருவரிடமே பொறுப்பு படிப்படியாகச் சென்றது. நஞ்சு அவர் கையால் வந்தது. உலகின் பெரு நிறுவனங்கள் எண்ணற்ற சேவையகங்களில் இலாபத்துக்காகப் பயன்படுத்திய ஒரு கருவி, ஒரு மனிதரின் மிகைப்பட்ட களைப்பின்மீது நின்றுகொண்டிருந்தது.

9. முடிவுரை

இதுவரை நோக்கியவற்றிலிருந்து மூன்று முடிபுகளைப் பெறலாம்.

முதலாவது, மூலத்தின் பொதுமை அவசியமானது, ஆனால் போதுமானதன்று. பெடோரா, லோஞ்ச்பாட், சென்ற்-ஓஎஸ் ஆகியன காட்டுவதுபோல, சுதந்திரத்தின் எல்லை உரிமத்தில் எழுதப்பட்டாலும் அதன் உண்மையான அளவு உருவாக்கும் பொறியின் வாயிலிலேயே தீர்மானிக்கப்படுகின்றது.

இரண்டாவது, தன்னியக்கம் கைவினைஞனின் அறிவை அவனிடமிருந்து பிரிக்கின்றது. அவ்வறிவு பொதுச்சொத்தாகும்போது அது சமூகத்தின் ஆற்றலைப் பெருக்குகின்றது. டெபியன் இதனை மெய்ப்பித்துள்ளது. 2023இல் வெளியான அதன் 12ஆம் பதிப்பில் 64,000க்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. சந்தையின் கட்டளையின்றி இத்தகைய பேருற்பத்தியை ஒழுங்கமைத்தல் இயலும் என்பதற்கு இது சிறு சான்றன்று.

மூன்றாவது, பொறி உழைப்பை ஒழித்துவிடவில்லை. அதனைக் கண்ணுக்குத் தெரியாததாக்கியுள்ளது. பதிவுகளை வாசிப்பவர், சார்புகளைத் திருத்துபவர், சிறு மென்பொருளொன்றைத் தனித்துப் பேணுபவர் ஆகியோரின் ஊதியமற்ற உழைப்பின்மீதே இவ்வமைப்பு நிற்கின்றது. அவ்வுழைப்பை மூலதனம் விலையின்றி நுகர்கின்றது. கூட்டுழைப்பு முறை முதலாளித்துவச் சமூகத்தின் நடுவே ஒரு தீவாக நெடுங்காலம் நிலைக்காது. அதனைச் சூழ்ந்துள்ள உறவுகள் அதன் களைப்புற்ற கரையை ஓயாது அரிக்கும்.

ஆகவே கட்டற்ற மென்பொருளை வாழ்த்துதலோடு நம் பணி முடிவதில்லை. பல்கலைக்கழகங்களும் பொது நிறுவனங்களும் தமக்கென இத்தகைய சேவையகங்களை நிறுவி, பிறர் தந்த பொதிகளை மீளக் கட்டிச் சரிபார்க்கலாம். சந்தை கைவிட்ட கணினிகளுக்கும் பொதிகளைக் கட்டலாம். அவற்றைப் பேணுவோரின் உழைப்பை ஊதியத்துக்குரிய உழைப்பாக ஏற்கலாம். இதற்கு வேண்டிய நிரல்கள் யாவும் ஏற்கெனவே பொதுவில் உள்ளன. எஞ்சியிருப்பது தொழினுட்பப் பிரச்சினையன்று, சமூகப் பிரச்சினை. யார் எழுதினார் என்ற வினாவோடு யார் ஆக்கினார், யாருடைய பொறியில் ஆக்கினார் என்ற வினாக்களையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கும்போதே அதன் தீர்வுக்கான முதற்படி வைக்கப்படும்.